பட்டைத் தூரிகை எழுத்துரு: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டைப் பிரஷ்ஷால் ஒரே மூச்சில் எழுதியது போலத் தடித்து, வலப்பக்கம் சாய்ந்து, முனையில் மை தீர்ந்த கீற்றுகளோடு நிற்கும் தமிழ் எழுத்துருக்களைப் பற்றியது இந்தப் பக்கம். கடைக்குப் போர்டு வைக்கிறவர்கள், கோயில் கொடைக்கு (எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கு) நோட்டீஸ் அடிக்கிறவர்கள், டிசைன் சென்டரும் பிளெக்ஸ் கடையும் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

தூரிகை எழுத்துரு என்று எதைச் சொல்கிறோம்? தடித்த எழுத்தெல்லாம் அதுதானா?

இல்லை. தடிப்பு மட்டும் போதாது. பிரஷ் அழுந்திய இடம் பருத்தும், தூக்கிய இடம் மெலிந்தும் இருக்க வேண்டும். கோடு தொடங்கும் முனை மொத்தையாக இருக்கும். முடியும் முனை கூர்ந்தோ, கிழிந்தோ இருக்கும். பெரும்பாலானவை 8 முதல் 12 டிகிரி வரை சாய்ந்திருக்கும். உருண்டைப் பிரஷ்ஷைப் பின்பற்றியவற்றில் வளைவுகள் வழவழவென்று இருக்கும். பட்டைப் பிரஷ்ஷைப் பின்பற்றியவற்றில் திரும்பும் இடத்தில் மூலை தெரியும். போர்டுக்கு நாம் பரிந்துரைப்பது பட்டை வகை. தூரத்திலிருந்து அந்த மூலைகள்தான் எழுத்தைப் பிரித்துக் காட்டுகின்றன.

ஆங்கிலத்தில் இந்த வகை விளம்பரத் தொழிலோடு வளர்ந்தது. அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் இ. ஸ்மித் வரைந்த ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ 1942இல் வந்தது. பிரான்சில் ரோஜர் எக்ஸ்கோஃபோன் வரைந்த ‘மிஸ்ட்ரல்’ 1953இல் வந்தது. இரண்டிலும் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொட்டுக்கொண்டு போகும். தமிழ் அச்சில் அப்படிக் கோத்து எழுதும் வழக்கம் இல்லை. நம் எழுத்துகள் தனித்தனியே நிற்கும். ஓட்டத்தைக் காட்டுவது சாய்வும், ‘கி’, ‘கீ’ போன்றவற்றின் மேல்விலங்கும், ழ, ர போன்றவற்றின் கீழ்வாலும்தான். ஆங்கில எழுத்துருவைப் பார்த்து அப்படியே தமிழுக்கு இழுத்து வந்தவை சறுக்குவது இந்த இடத்தில்தான். இணைப்பை வலிந்து போட்டால் இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று தெரியும்.

எந்த வேலைக்கு ஒத்துவரும்?

ஒன்றிலிருந்து நான்கு சொல் வரை, பெரிதாக நிற்க வேண்டிய எதற்கும். கபடிப் போட்டி பிளெக்ஸ், மிட்டாய்க் கடைப் பெயர், கருப்பட்டி டப்பாவின் லேபிள், மினி பஸ்ஸின் முன்கண்ணாடி, யூடியூப் படத்தின் மேல் வரும் தலைப்பு, டீ ஷர்ட், துணிப்பை. கொடை நோட்டீஸில் சாமி பெயருக்கும் ‘கொடை விழா’ என்ற தலைப்புக்கும் இது மாதிரிப் பொருந்துவது வேறில்லை.

கண்ணீர் அஞ்சலிக்கு வேண்டவே வேண்டாம். துள்ளும் எழுத்து அந்த இடத்துக்கு மரியாதை இல்லை. முகவரி, போன் நம்பர், விலை, கொடைக்கு வரிகொடுத்தோர் பட்டியல், நிகழ்ச்சி நிரல் ஆகியவையும் சாதாரண எழுத்தில்தான் இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் ‘சாமக்கொடை இரவு 12 மணி’ என்பது தூரிகை எழுத்தில் இருந்தால் தாத்தாக்களுக்கு வாசிக்க முடியாது.

ஓர் எழுத்துருவை வாங்கும் முன் அல்லது பதிவிறக்கும் முன் எப்படிச் சோதிப்பது?

விற்கிறவர் காட்டும் மாதிரிச் சொல்லை நம்பாதீர்கள். அந்த எழுத்துருவில் எது அழகாக இருக்கிறதோ அதைத்தான் காட்டுவார்கள். உங்கள் சொல்லைப் போட்டுப் பாருங்கள். எழுத்துருவைத் தேர்ந்துவிட்டு அதற்குள் கடைப்பெயரைத் திணிப்பதுதான் போர்டு கெடுவதற்கு முதல் காரணம்.

‘திருநெல்வேலி’ என்ற ஒரே சொல் பாதிச் சோதனையை முடித்துவிடும். எழுத்து எழுத்தாகப் பார்ப்போம். ‘தி’யில் மேல்விலங்கு த வின் தலையிலிருந்து கிளம்புகிறதா, அல்லது பக்கத்தில் தனியாக ஒட்டவைத்தது போல் இருக்கிறதா? ‘ரு’ ஒரே வீச்சில் வரைந்த எழுத்தாக இருக்க வேண்டும். ர வுக்குக் கீழே ஒரு கொக்கியை மாட்டியிருந்தால் மற்ற உகரங்களையும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ‘நெ’யில் ஒற்றைக்கொம்புக்கும் ந வுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். அதிகம் இருந்தால் கொம்பு முந்தின ‘ரு’வோடு போய்ச் சேர்ந்துவிடும். ‘ல்’லின் புள்ளி ஒரு சிறிய பிரஷ் பொட்டாக, எழுத்தின் உச்சியைத் தொடாமல் நிற்க வேண்டும். ‘வே’யில் இரட்டைக்கொம்பின் மேல்சுழிக்குள் வெளிச்சம் தெரிகிறதா? கடைசி ‘லி’யின் விலங்கு முதல் ‘தி’யின் விலங்குக்கு அச்சு அசலாக இருந்தால் சொல் ரப்பர் ஸ்டாம்பு அடித்தது மாதிரி இருக்கும். கடைசி விலங்கு சற்று நீண்டு ஓடினால் அதுதான் கை எழுத்தின் அழகு. நல்ல எழுத்துருவில் சொல்லின் கடைசியில் வரும் விலங்குக்கென்று தனி வடிவம் வைத்திருப்பார்கள்.

அடுத்து ‘பாளையங்கோட்டை’, ‘ஸ்ரீவைகுண்டம்’, ‘மூன்றடைப்பு’, ‘கூழ்’, ‘ஔவை’, ‘ஞாயிறு’. இவ்வளவும் உடையாமல் வந்தால் எழுத்துருவுக்குள் வேலை நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ்த் தூரிகை எழுத்துரு ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?

எண்ணிப் பார்த்தால் தெரியும். உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ என்று 6. துணைக்கால், கொம்புகள், விலங்குகள், புள்ளி தனி. இதோடு உகர ஊகாரங்கள்: கு, சு, டு, து என ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவம், 18க்கும் இரண்டிரண்டாக 36. டி, டீ தனி வடிவம். ஒழுங்கான தூரிகை எழுத்து வேண்டுமென்றால் புள்ளி வைத்த மெய் 18, இகர ஈகாரங்கள் 36 எல்லாவற்றையும் தனியாக வரைய வேண்டும், ஏனென்றால் பிரஷ் ஓட்டத்தில் விலங்கும் எழுத்தும் ஒரே கோடு. நூற்றுக்கு மேல் வடிவங்களைக் கையால் எழுதித் திருத்த வேண்டும். குறுக்குவழியில் போனவர்கள் ஒரு விலங்கை வரைந்து எல்லா எழுத்துக்கும் மாட்டிவிடுகிறார்கள். ‘மி’யில் சரியாக உட்காரும், ‘யி’யில் இடிக்கும்.

தடிப்பு அதிகமானால் எந்த எழுத்துகள் முதலில் கெடும்?

சுழி உள்ளவை. மூன்றுசுழி ண வும் இரண்டுசுழி ன வும் சுழிக்குள் இருக்கும் வெளியால்தான் வேறுபடுகின்றன. அந்த வெளி அடைத்துக்கொண்டால் ‘மணம்’ என்பது ‘மனம்’ ஆகும். பூக்கடைப் போர்டில் இது சிறு பிழை அல்ல. ‘பண்ணை’, ‘அண்ணாச்சி’ போன்ற சொற்களை முதலில் சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும். இரண்டுக்கும் வித்தியாசம் அந்த மேல்சுழி ஒன்றுதான். எகர ஏகாரக் குழப்பம் தீர இந்த வடிவ வேறுபாட்டைக் கொண்டுவந்தவராக வீரமாமுனிவரைச் சொல்வார்கள். அவர் தமிழகம் வந்த தொடக்க காலத்தில் இருந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில். அவ்வளவு பாடுபட்டு வந்த சுழியை ஒரு சொட்டு மை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் ‘மேடை’ வெறும் ‘மெடை’.

மூன்றாவது, துணைக்காலும் ர வும். ர வின் கீழே சாய்ந்து இறங்கும் சிறு வால் இல்லையென்றால் இரண்டும் ஒன்றுதான். தூரிகை எழுத்துருக்கள் சிலவற்றில் அந்த வால் மை தீர்ந்த கீற்றாக வரும். சிறிதாக அச்சிட்டால் கீற்று காணாமல் போகும். ‘காரம்’ போன்ற சொல்லில் கால் எது, ர எது என்று வாசிக்கிறவர் ஊகிக்க வேண்டியிருக்கும்.

ஒரு எளிய வழி: சொல்லைத் திரையில் 10 விழுக்காடு அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சுழிகள் கறுத்து அடைத்தால் அதே அடைப்பு சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெரியும்.

‘அப்பா’, ‘அம்மா’, ‘அக்கா கடை’ என்று போடும்போது மட்டும் கம்ப்யூட்டர் எழுத்து என்று பளிச்சென்று தெரிகிறது. ஏன்?

கையால் எழுதினால் இரண்டு ப ஒருபோதும் ஒரே மாதிரி விழாது. எழுத்துருவில் ‘ப்’பும் ‘பா’வும் ஒரே ப விலிருந்து வருகின்றன, அதே கீற்று, அதே கிழிசல், ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. தமிழில் க்க, ட்ட, ப்ப, ம்ம, ல்ல என்று இரட்டிப்பு நிறைய. அதனால் ஆங்கிலத்தைவிட நமக்கு இது பெரிய தொல்லை.

எழுத்துருவிலேயே மாற்று வடிவங்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய டிசைன் மென்பொருள்களில் ஓப்பன்டைப் வசதிகளைத் திறந்தால் தெரியும். இல்லையென்றால் சொல்லை வளைகோடுகளாக மாற்றிவிட்டு, கோரலில் கண்ட்ரோல் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ, இரண்டாவது எழுத்தில் கை வையுங்கள். 2 டிகிரி திருப்புங்கள். 3 அல்லது 4 விழுக்காடு பெரிதாக்குங்கள். கிழிந்த முனையில் இரண்டு கீற்றை அழித்து, ஒன்றை நீட்டுங்கள். ஐந்து நிமிட வேலை, போர்டு கையால் எழுதியது போல மாறிவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்த பெயரை ஒட்டினால் தூரிகை எழுத்து வரவில்லை, வேறு எழுத்து வந்து உட்காருகிறது.

வாட்ஸ்அப்பில் வருவது யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம். அச்சகக் கணினிகளில் பல காலமாக இருக்கும் அலங்கார எழுத்துருக்களில் கணிசமானவை யூனிகோடு அல்ல. பாமினி வகை எழுத்துருவில் ‘அம்மா’ என்பது கணினிக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளாகத்தான் இருக்கும். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடி போடும். அதனால் யூனிகோடு சொல்லை ஒட்டினால் எழுத்துருவுக்கு அது புரியாது. விண்டோஸ் தன்னிடம் இருக்கும் லதா, நிர்மலா என்ற எழுத்துருக்களில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடும். தலைகீழாக, பாமினி ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கிலக் கிறுக்கல் தெரியும்.

தீர்வு, எழுத்துரு எந்தக் குறியாக்கம் என்று பார்த்து, குறியாக்க மாற்றி மூலம் சொல்லை மாற்றி ஒட்டுவது. மாற்றிய பிறகு ஔ, ஸ்ரீ, மேற்கோள் குறி, எண்கள் ஆகிய நான்கையும் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பிழை விழுவது பெரும்பாலும் இவற்றில்தான். புதிதாக வாங்குவதென்றால் யூனிகோடு எழுத்துருவையே வாங்குங்கள். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

யூனிகோடு எழுத்துருதான், ஆனாலும் ஃபோட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிறது.

எழுத்துருவின் குற்றம் இல்லை. மென்பொருள் தமிழைத் தமிழாக அடுக்கவில்லை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்பதைத் தேர்ந்து, புதிய ஃபைல் திறக்க வேண்டும். புதிய பதிப்புகளில் பாராகிராஃப் அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி லேஅவுட்’. இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி பாராகிராஃப் கம்போசர்’. பேஜ்மேக்கரில் யூனிகோடு வராது; முயல வேண்டாம்.

‘நெல்லை’யில் பழைய தும்பிக்கை லை போடலாமா?

போடலாம். 1978 அரசாணைக்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் யானைத் தும்பிக்கை போல மேலே வளைந்து, எழுத்தோடு ஒட்டியிருந்தன. ணா, றா, னா போன்றவையும் வேறு வடிவம். மொத்தம் 13 எழுத்து மாறின. பிரஷ் வீச்சுக்கு அந்தத் தும்பிக்கை மிகப் பொருத்தம். ‘நெல்லை’ என்ற சொல்லில் புது இணைக்கொம்பு இரண்டு ல வையும் விலக்கிவிடுகிறது, பழைய லை சேர்த்துப் பிடிக்கிறது. அல்வாக் கடை, பலகாரக் கடை, பழமை தெரிய வேண்டிய எந்தக் கடைக்கும் நாங்கள் தாராளமாகச் சொல்வோம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான எதிலும் வேண்டாம்; அவர்கள் படித்தது புது வடிவம். ஒரே போர்டில் ஒரு சொல்லில் பழைய லை, அடுத்த சொல்லில் புது லை என்று கலக்கவும் கூடாது.

போர்டில் எழுத்து எவ்வளவு உயரம் வேண்டும்?

போர்டுத் தொழிலில் பொதுக் கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. வண்ணார்பேட்டை மாதிரி அகலமான சாலையில் 100 அடி தள்ளி வருகிறவர் வாசிக்க 10 அங்குலம். தமிழ்த் தூரிகை எழுத்துக்கு இதோடு பாதியைக் கூட்டி 15 அங்குலமாக வைப்பது எங்கள் வழக்கம், சுழிகளுக்காக. அளப்பது ‘ப’வின் உயரத்தை, விலங்கையும் கீழ்வாலையும் சேர்த்து அளந்தால் கணக்கு ஏமாற்றும். டவுன் ரதவீதி போல நெருங்கிய தெருவில் எதிர்ச்சாரியிலிருந்து பார்க்கிறவருக்கு இதில் பாதிக்கும் குறைவாகவே போதும். அங்கே பெரிய எழுத்து கழுத்தை நெரிக்கும்.

தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழான விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழிக்கு 5:3:2 என்பது சொல்லப்படும் அளவு. போர்டின் உயரம் 5 அடி என்றால் தமிழுக்கு இரண்டரை அடி கிடைக்கிறது. விலங்குக்கும் வாலுக்கும் போக ‘ப’வின் உயரம் ஓரடிக்குச் சற்று மேல் வரும். முதலிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால் பிறகு எழுத்தை நசுக்க வேண்டிவராது.

ஆங்கிலப் பெயரையும் தூரிகை எழுத்தில்தான் போட வேண்டும் என்றில்லை. போட்டால், எல்லாம் பெரிய எழுத்தாகப் போடக் கூடாது. ஆங்கிலத் தூரிகையின் பெரிய எழுத்துகள் ஒன்றோடொன்று சேரும்படி வரையப்பட்டவை அல்ல.

எழுத்து போதவில்லை என்று போல்டு அழுத்தலாமா? பக்கவாட்டில் இழுக்கலாமா?

இரண்டும் கூடாது. போல்டு அழுத்தினால் மென்பொருள் கோட்டின் இருபுறமும் சமமாகச் சதை போடும். மெலிந்த இடமும் பருத்த இடமும் ஒன்றாகிவிடும், சுழி அடைக்கும். பக்கவாட்டில் இழுத்தால் படுத்த கோடு அப்படியே இருக்க, நின்ற கோடு மட்டும் பருக்கும், சாய்வும் மாறும். சாய்ந்த எழுத்துக்கு மேலும் இட்டாலிக் கொடுப்பதும் இதே தவறு. இடம் மிஞ்சினால் சொல்லை 5 டிகிரி மேல்நோக்கி ஏற்றி வையுங்கள், இடமும் நிரம்பும், எழுத்துக்கும் துடிப்பு வரும்.

வெள்ளை விளிம்பு கொடுக்கும்போது எழுத்தின் உள்பக்கம் தின்னாதபடி வெளிப்பக்கம் மட்டும் கொடுங்கள். கோரலில் அதற்கு கான்டூர் இருக்கிறது. விளிம்பின் மூலைகளை உருண்டையாக வையுங்கள். கூர்மூலையாக விட்டால் கிழிந்த கீற்றுகள் ஒவ்வொன்றிலும் முள் முளைக்கும்.

கொடை நோட்டீஸில் தலைப்பு இரண்டு வரி வருகிறது. மேல் வரியின் வாலும் கீழ் வரியின் விலங்கும் இடிக்கின்றன.

‘சுடலைமாட சுவாமி’ மேலே, ‘கோயில் கொடை விழா’ கீழே என்று வைத்துக்கொள்வோம். ‘சு’ கீழே இறங்குகிறது; கீழ் வரியில் ‘யி’, ‘வி’ இரண்டின் விலங்கு மேலே ஏறுகிறது. வரி இடைவெளியை எழுத்தளவைப் போல 1.3 முதல் 1.5 மடங்கில் தொடங்குங்கள். அதன் பிறகு கீழ் வரியை அரை எழுத்து வலப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அனேகமாக இறங்குவது ஏறுவதின் சந்தில் போய் விழுந்துவிடும். இடைவெளியைக் கூட்டுவதைவிட இது நல்லது. இரண்டு வரியும் ஒரே கட்டாகத் தெரியும்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளியைக் கூட்டாதீர்கள். தூரிகை எழுத்து நெருங்கி நிற்க வரையப்பட்டது. பரப்பினால் ‘வி ழா’ என்று பல் விழுந்தது மாதிரி ஆகும்.

தலைப்புக்குக் கீழே மதியக்கொடை, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து விவரங்களுக்கு அமைதியான எழுத்துரு வேண்டும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், மூன்றும் 11 புள்ளி (பாயின்ட்) அளவிலேயே தெளிவு. அங்கேயே பாலூ தம்பி என்ற தடித்த எழுத்துருவும், கவிவனார் என்ற சாய்ந்த கையெழுத்து வடிவமும் உண்டு. முதலாவது தூரிகை அல்ல, உருண்டையான தடிப்பு, இரண்டாவது மெல்லியது. தலைப்புக்குத் தூரிகை கிடைக்காதபோது பாலூ தம்பி கைகொடுக்கும்.

பிளெக்ஸுக்கு ஃபைலை எப்படிக் கொடுக்க வேண்டும்?

நிஜ அளவில், 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி). 10க்கு 8 அடி பிளெக்ஸ் என்றால் 120க்கு 96 அங்குலம், அதாவது 8640க்கு 6912 பிக்சல். அழைப்பிதழ், லேபிள் போன்றவற்றுக்கு 300 டிபிஐ. எழுத்தை மட்டும் வளைகோடாக மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் எந்தக் கணினியிலும் மாறாது. மாற்றும் முன் ஒரு நகலைச் சேமித்துவையுங்கள். வளைகோடான பிறகு ‘வெள்ளிக்கிழமை’யை ‘செவ்வாய்க்கிழமை’யாகத் திருத்த முடியாது.

நம்ம பக்கத்து வெயிலில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளுக்கும். வெளுக்கும்போது மெல்லிய கீற்றுகள்தான் முதலில் மறையும். பல மாதம் நிற்க வேண்டிய பேனர் என்றால் கீற்று குறைந்த எழுத்துருவை எடுத்து, எழுத்தைக் கறுப்பிலோ கருநீலத்திலோ வையுங்கள்.

ஸ்டிக்கர் கட்டிங், எல்இடி போர்டுக்கு இந்த எழுத்து சரிப்படுமா?

திருத்தினால் சரிப்படும். எழுத்துருவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய கோடுகள் இருந்தால் கட்டர் இரண்டையும் தனித்தனியாக வெட்டும். எழுத்துக்கு நடுவே பிளவு விழும். கோரலில் வெல்ட் கொடுத்து ஒன்றாக்கிய பிறகே வெட்டக் கொடுங்கள். 1 மில்லிமீட்டருக்கு மெலிந்த கீற்றுகளை அழித்துவிடுங்கள். வேண்டாத வினைலை உரிக்கும்போது அவையும் சேர்ந்து வந்துவிடும், மிஞ்சியது பஸ் ஓடும் காற்றில் நுனி தூக்கும்.

எல்இடி எழுத்தில் விளக்கு உட்கார இடம் வேண்டும். மெலிந்த இடமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாதபடி பருக்க வையுங்கள். புள்ளி தனிப் பெட்டியாக வரும்; அதற்குத் தனியாக வயர் போக வேண்டும் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். புள்ளி எரியாத ‘ல்’ இரவில் ‘ல’ தான். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரலும் காற்றும் சேர்ந்து அடிக்கும் மாதங்களைக் கருதி, புள்ளிக்கும் நீண்ட வாலுக்கும் இரண்டு இடத்தில் திருகு வையுங்கள்.

துணிப்பைக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த கோட்டை நம்ப வேண்டாம்.

இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருவைக் கடைப் போர்டுக்குப் போடலாமா?

‘இலவசம்’ என்பதில் இரண்டு வகை. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்தவற்றை வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், திருத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று வருபவற்றைக் கடைக்கோ லேபிளுக்கோ போடக் கூடாது. உரிமம் வாங்க வேண்டும். கூடவே வரும் உரிமக் கோப்பை எழுத்துருவோடு ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள்.

எழுத்துரு எதுவும் பிடிக்கவில்லை. பெயரை மட்டும் நாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாமா?

ஒரே ஒரு கடைப்பெயர் என்றால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஒரு அங்குலப் பட்டைப் பிரஷ், கறுப்பு போஸ்டர் கலர், சார்ட் பேப்பர் போதும். கீற்று வேண்டுமென்றால் சொரசொரப்பான தாள் எடுங்கள்; பிரஷ்ஷைக் கலரில் தோய்த்து, பழைய பேப்பரில் ஒருமுறை இழுத்துவிட்டு எழுதுங்கள். ‘ப’ 3 அல்லது 4 அங்குல உயரம் இருக்கட்டும். முழுச் சொல்லாக 20 முறை எழுதுங்கள். எழுத்து எழுத்தாக எழுதி ஒட்டினால் ஓட்டம் செத்துவிடும். முதல் ஏழெட்டு இறுக்கமாக இருக்கும், அதற்குப் பிறகு கை இளகும். நல்ல இரண்டைத் தேர்ந்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கோடாக மாற்றுங்கள். தானியங்கி மாற்றம் வளைவெங்கும் நூற்றுக்கணக்கில் புள்ளிகளைப் போட்டிருக்கும். வளைவின் மேல், கீழ், இடம், வலம் ஓரங்களில் மட்டும் புள்ளி இருக்கும்படி குறையுங்கள், கீற்றுப் பகுதியை மட்டும் தொடாமல் விடுங்கள்.

கணினியில் அமைத்த தூரிகை எழுத்தைச் சுவரில் அப்படியே எழுத முடியுமா?

முடியும். சொல்லின் வெளிக்கோட்டை மட்டும் நிஜ அளவில் தாள்களில் அச்சிட்டு ஒட்டிச் சேர்க்க வேண்டும். கோட்டின் மேல் அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊசியால் குத்தி, சுவரில் நூல் அடித்த நேர்கோட்டுக்குத் தாளைப் பிடித்து ஒட்டி, துணி முடிச்சில் கட்டிய கரித்தூளை மேலே தட்டினால் சுவரில் புள்ளிக்கோடு விழும். வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரில் எனாமல் நிற்காது, சுண்ணாம்போடு சேர்ந்து உதிரும். சுரண்டிவிட்டு பிரைமர் அடித்த பிறகே எழுத வேண்டும்.

கிழிந்த கீற்றுகளுக்கு ஊசி குத்த வேண்டாம். கோடு முடியும் இடத்தை மட்டும் ஒரு புள்ளியால் குறித்துவிட்டு, பிரஷ்ஷில் பெயின்ட் குறையும்போது கீற்று தானாக விழும்படி எழுதுகிறவர் கையில் விடுங்கள். இரண்டாம் பூச்சு கொடுக்கும்போது முனைக்கு நான்கு விரல் முன்னாலேயே பிரஷ்ஷை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதல் பூச்சில் விழுந்த கீற்றெல்லாம் மூடிப்போகும்.